வல்லி வரும்வரை

கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைக்காத மரியாதை, என் வீட்டுக்காரருக்குத் தலையில் அடிபட்ட பிறகு கிடைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் காபி கொண்டுபோய் நீட்டினேன். டம்ளரை வாங்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாரு? எங்கேருந்து வந்திருக்கீக?" என்றார்.

அதுவரை என்னை அவர் "ஏய்" என்பார், இல்லாவிட்டால் "வல்லி" என்பார். விளையாடுகிறார் என்று நினைத்து, பக்கத்துத் தெருவிலிருந்து காபி விற்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சில்லறை எடுக்கச் சட்டைப் பையில் கையை விட்டார்.

நான் நாகவல்லி. காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வருஷா வருஷம் மூளையைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள். எங்கள் ஆய்வகத்தில் கழற்றி மாட்டுகிற மூளைப் பொம்மை ஒன்று இருக்கிறது. பெருமூளை ரோஸ் நிறம், சிறுமூளை நீலம், முகுளம் மஞ்சள். பெருமூளை யோசிக்கும், பேசும், ஞாபகம் வைத்துக்கொள்ளும். சிறுமூளை தள்ளாடாமல் நடக்க வைக்கும். முகுளம் மூச்சையும் இதயத் துடிப்பையும் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மதிப்பெண். பொருத்துக பகுதியில் இதைத் தப்பாக எழுதிய பிள்ளைகளை நான் சும்மா விட்டதே இல்லை. இப்போது அந்தப் பொம்மையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் வீட்டுக்காரர் பெயர் சிவசங்கரன். எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை, வாயால்தான் சொன்னதில்லை. எங்கள் ஆசாரி வீடுகளில் பெண்கள் யாரும் சொன்னதில்லை. அறிவியல் டீச்சர், புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று நம்புகிறீர்களா என்று ஸ்டாஃப் ரூமில் கேலி செய்வார்கள். நம்பவில்லைதான். ஆனால் நாக்கு எழும்பாது. ஒரு வருஷம் என் வகுப்பிலேயே ஒரு சிவசங்கரன் வந்து சேர்ந்தான். வருகை எடுக்கும்போது அவனை மட்டும் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இதை வீட்டில் வந்து சொன்னதும் அவருக்கு ஒரே கொண்டாட்டம். அந்த வருஷம் முழுக்க "உன் நம்பர் புருஷன் இன்னைக்கு வந்தானா?" என்று கேட்டு என்னைப் பாடாய்ப் படுத்தினார்.

அவருக்குப் பழைய சாமான் வியாபாரம். செட்டியார் வீடுகளை இடிக்கிற இடத்துக்குப் போய்க் கதவு, நிலை, தூண், கண்ணாடி, ஊஞ்சல் எல்லாம் வாங்கி வந்து கடையில் வைத்து விற்பார். பர்மாத் தேக்கா, நேற்று அறுத்த மரமா என்று எட்ட நின்றே சொல்லிவிடுவார். அவருக்கு அது தெரிந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. கடையின் பின்கட்டில் வீரையா என்று ஒருவர் இருக்கிறார். புது மரத்தில் டீ டிகாஷனும் செம்மண்ணும் தேய்த்து, வெயிலில் போட்டு, நூறு வயசு ஏற்றிவிடுவார். இதைப் பழசு என்று நான் சொல்ல மாட்டேன், வாங்குகிறவர்களாக நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்வது என்பார் என் வீட்டுக்காரர். டூப்ளிகேட்டைக் கண்டுபிடிக்க அவர் வைத்திருந்த வழி ஒன்றுதான். எந்தச் சாமானையும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். போலி செய்கிறவன் முன்பக்கத்துக்குத்தான் மெனக்கெடுவான், பின்பக்கத்தை விட்டுவிடுவான் என்பார்.

அதே பழக்கத்தில், கல்யாணம் முடிந்த அன்றைக்கு என் கழுத்தில் அவர் கட்டிய தாலியையே திருப்பிப் பார்த்தார். சிங்கம்புணரியில் பத்தர் வேலை பார்த்த என் அப்பா தன் கையால் செய்த தாலி அது. பின்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவில், ஒரு வேல் கீறியிருந்தார். தான் செய்த எல்லா நகையிலும் அப்பா போடுகிற அடையாளம். அதைப் பார்த்துவிட்டு, உங்க அப்பா ஒரிஜினல் பார்ட்டி என்று என் காதில் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நேரத்தில்தான்.

கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டை இடித்து இறக்கிக்கொண்டிருந்த இடத்துக்குச் சாமான் பார்க்கப் போயிருந்தார். மேலே இருந்த உத்தரத்தைக் கயிறு கட்டி இறக்கும்போது கயிறு நழுவி, அது ஊசலாடி வந்து அவருடைய வலது பக்க மண்டையில் அடித்தது. மதுரைக்குக் கொண்டுபோனோம். மண்டையைத் திறந்து உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். பிழைத்துவிட்டார். நடந்தார், சாப்பிட்டார், எந்தக் கதவு என்ன விலைக்குப் போகும் என்று வீரையாவிடம் சரியாகச் சொன்னார். கோயம்புத்தூரில் படிக்கிற எங்கள் மகள் சண்முகப்ரியா வந்தபோது அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். எல்லாரையும் தெரிந்தது. என்னைத்தான் தெரியவில்லை. தெரியவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. முகம் வல்லி முகம்தான், ஆனால் இது வல்லி இல்லை என்றார்.

அம்மா இதோ நிற்கிறாளே என்று மகள் காட்டினாள். அவர் அவளை ஓரமாகக் கூட்டிப்போய், நீ சின்னப் பிள்ளை, ஏமாந்துட்ட என்று தலையைத் தடவினார்.

மதுரை டாக்டர் சத்தியமூர்த்தி என்னை உட்கார வைத்து விளக்கினார். பார்த்த முகம் யாருடையது என்று சொல்ல மூளையின் அடிப்பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறது. அங்கிருந்து அமிக்டலா என்கிற இடத்துக்குச் செய்தி போகும். பாதாம் பருப்பு அளவுதான் இருக்கும். நம்முடைய ஆளைக் கண்டதும் உள்ளே ஒரு நிம்மதி வருகிறதே, அதற்கு அதன் உதவி வேண்டும். இவருக்கு முகம் தெரிகிறது, அந்த நிம்மதி வரவில்லை. நடுவில் போகிற பாதை அறுந்திருக்கும் என்று நினைக்கிறோம் என்றார். வல்லியின் முகம் இருக்கிறது, வல்லி வந்த உணர்வு இல்லை. அப்படியானால் இது வல்லி மாதிரி வேறு யாரோ என்று மூளை தானாக ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. அந்த முடிவு தப்பு என்று தட்டிக் கேட்க வேண்டிய வலது முன்பக்கமும் அடிபட்டிருக்கிறது. மிக நெருங்கிய ஒருவரிடம் மட்டும் இப்படி ஆவது உண்டு என்றார்.

எனக்குப் புரிந்தது. நன்றாகவே புரிந்தது. புரிந்து என்ன செய்ய? நான் நடத்துகிற பாடத்தில் அந்தப் பாதாம் பருப்புக்கு ஒரு வரி கிடையாது. எங்கள் பொம்மையில் அதற்கு ஒரு நிறம் கிடையாது. இருபது வருஷக் குடித்தனம் அதில் போய் மாட்டிக்கொண்டிருந்தது.

வீட்டில் அவர் தன் வியாபார வழியிலேயே இறங்கினார். நான் குனிந்து பெருக்கும்போது பின்னால் வந்து கழுத்தைப் பார்ப்பார். காதுக்குப் பின்னால் மச்சம் இருந்தது. முழங்கைக்கு அடியில் எண்ணெய் தெறித்த தழும்பு இருந்தது. எல்லாம் இருந்தது என்பதுதான் அவருக்குப் பெரிய சந்தேகம்.

"செஞ்சவன் கைகாரன்யா. பின்பக்கத்தக்கூட விடல பாரு" என்று வீரையாவிடம் சொன்னார், நான் அங்கேயே நிற்கும்போது. வீரையா என் முகத்தைப் பார்க்காமல் அங்குட்டுத் திரும்பிக்கொண்டார்.

விடுப்பு முடிந்து நான் பள்ளிக்கூடம் போன முதல் நாள், மத்தியானம் மாத்திரை போட்டாரா என்று கேட்கப் போன் செய்தேன். நீங்க யாரு என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"வல்லி, எங்க போயிட்ட நீ?" என்றார்.

பழைய குரல். பழைய கோபம். நான் ஸ்டாஃப் ரூமை விட்டு வெளியே வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு வாயைப் பொத்திக்கொண்டேன். வீட்டில் எவளோ ஒருத்தி வந்து உட்கார்ந்திருக்கிறாள், உன் சேலையைக் கட்டுகிறாள், நீ எப்போது வருவாய் என்று கேட்டார். ட்ரெய்னிங் என்று சென்னைக்குப் போட்டுவிட்டார்கள், வந்துவிடுவேன் என்று பொய் சொன்னேன். காதிலிருந்து போகிற பாதை வேறு, அது அறுபடவில்லை என்றார் டாக்டர்.

அதன்பிறகு நான் ஒரு வீட்டில் இரண்டு பேராக இருந்தேன். உள்ளே இருந்தால் வேண்டாதவள். கொல்லையில் இருக்கிற மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்ப் போனை எடுத்தால் பெண்டாட்டி. போனில் வாய்க்கு வாய் வம்பிழுப்பார், கொஞ்சுவார், புளியோதரை கேட்பார். அதைச் செய்து தட்டில் வைத்தால், அவ செய்ற மாதிரியே செஞ்சிருக்கீகளே என்று ஒதுக்கிவிட்டுக் கடைத்தெருவில் போய்ப் பரோட்டா தின்பார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அந்தப் புளியோதரையை நானே தின்றேன்.

ஒருநாள் துணிந்து, தெருவில் நின்று போனில் பேசிக்கொண்டே வீட்டுக்குள் நடந்தேன். வந்துட்டேன், இந்தா வாசல், இந்தா முற்றம் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் போனைக் காதில் வைத்தபடி கதவைப் பார்த்து எழுந்து நின்றார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. நான் நிலைவாசலைத் தாண்டினேன். அவர் கண் என் மேல் பட்டது. அவ்வளவுதான், விளக்கை அணைத்த மாதிரி அந்த முகம் அணைந்தது.

"அவ போனு உங்ககிட்ட எப்படி வந்துச்சு? அவள என்ன செஞ்சீக?" என்று கேட்டுக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். போன் கீழே விழுந்தது. நான் ஓடிப்போய்க் கொல்லைப் பக்கம் நின்று, அப்போது அங்கே வந்திருந்த வீரையாவின் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டு, எனக்கு ஒன்றும் ஆகவில்லை, வந்ததும் ட்ரெய்னிங்குக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள், அவசரத்தில் போனை முற்றத்தில் தவறவிட்டேன், வீரையாவிடம் கொடுத்துவிடுங்கள் என்று சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

இனி அந்த மாதிரிச் சோதனை வேண்டாம் என்றார் டாக்டர். வாதாட வேண்டாம், தினமும் காலையில் ஊர், பெயர், உறவு மூன்றையும் நிதானமாகத் தெளிவாக எடுத்துச் சொல்லுங்கள், சிலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடும் என்றார். நான் டீச்சர். எடுத்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. ஆனால் அவர் பெயர் என்ற இடத்தில் தடுமாறினேன். மூன்று நாள் அந்த இடத்தை விழுங்கினேன். அப்புறம், ஒரு மனுஷன் பிழைப்பதற்குக் குறுக்கே இந்தப் பழக்கம் என்ன பழக்கம் என்று எனக்கே ஆத்திரம் வந்தது. மறுநாள் காலை அவர் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். இது காரைக்குடி, இது நம் வீடு என்றேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"உங்க பேரு சிவசங்கரன். நான் உங்க பொண்டாட்டி நாகவல்லி."

வாயெல்லாம் கசந்தது. கண்ணைத் திறந்தால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கடையில், எவனாவது போலிக் கதவைக் கொண்டுவந்து விற்கப் பார்க்கும்போது, திருப்பிப் பார்த்ததும் ஒரு சிரிப்பு சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

"மாட்டிக்கிட்டீக" என்றார். "எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தவன் இத விட்டுட்டான் பாருங்க. என் வல்லி செத்தாலும் என் பேரச் சொல்ல மாட்டா."

அதுவரை அவருக்குச் சந்தேகம்தான் இருந்தது. அன்றைக்கு நானே அதை நிச்சயமாக்கிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து என் கையால் பச்சைத் தண்ணீர் வாங்கவில்லை. தூங்கும்போது உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மாத்திரைகளும் அதோடு நின்றன. வலிப்பு வராமல் இருக்கப் போட வேண்டிய மாத்திரை, ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீரையா மூலம் கொடுத்துப் பார்த்தேன். நான் கொடுத்து அவர் கொடுக்கிறார் என்று கண்டுகொண்டு, வீரையாவையும் நம்புவதை விட்டார். மதுரைக்குக் கூட்டிப்போக வண்டி வைத்தால் இறங்கி ஓடினார். போனில் நான் கெஞ்சினேன், மிரட்டினேன். நீ வா, உன் கையால் தா, போட்டுக்கிறேன் என்றார்.

கடையில் வைத்து வலிப்பு வந்தது. கையும் காலும் இழுத்து, வாயில் நுரை தள்ளி, தூண்களுக்கு நடுவில் கிடந்தார். நான் போகும்போது வீரையா அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். இன்னொரு தடவை வந்தால் வலிப்பு நிற்காமலே உயிர் போய்விடலாம், எப்படியாவது மாத்திரையை உள்ளே தள்ளுங்கள் என்று டாக்டர் போனில் சொன்னார். அந்த எப்படியாவதுக்கு என்ன வழி என்று அவரும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கொட்டகைப் பக்கம் நின்று அவரைக் கூப்பிட்டேன். நான் அழுவது கேட்டதும் அவர் மனசு இறங்கினார்.

"சரி, உனக்காகப் போடுறேன். அந்தம்மா கையாலயே வாங்கிப் போடுறேன். ஆனா ஒண்ணு."

"என்னன்னு சொல்லுங்க."

"அவ கழுத்துல கெடக்கது உன் தாலி வல்லி. நேத்து மயங்கிக் கெடந்து எந்திரிச்சப்ப என் மொகத்துக்கு நேரா ஆடுச்சு. பின்னால உங்க அப்பா போட்ட வேலு இருக்கு, பாத்தேன். எவளோ ஒருத்தி அதப் போட்டுக்கிட்டு என் வீட்டுல திரியிறா. என்னால தாங்க முடியல. அத அவ கழட்டி என் கையில குடுக்கணும். குடுத்தாத்தான் மாத்திரை. குடுக்கச் சொல்லவா?"

கழுத்துச் சங்கிலியைக் கையால் பிடித்துக்கொண்டேன்.

"வல்லி? சொல்லவா?"

மாடு ஒன்று என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கோலுக்குப் போனது. தாலியைக் கழற்றுவது எப்போது என்று இந்த ஊரில் பிறந்த எவளுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. புருஷன் மூச்சு நின்ற பிறகு. இங்கே அவர் மூச்சு நிற்காமல் இருக்க நான் அதைக் கழற்ற வேண்டும், அதையும் நானே என் வாயால் உத்தரவு போட வேண்டும். யார் மேல் கோபப்படுவது என்று தேடினேன். ஒரு உத்தரம், ஒரு கயிறு, ஒரு பாதாம் பருப்பு. கோபப்பட ஒரு மனுஷன்கூட அகப்படவில்லை.

"கழட்டச் சொல்லுங்க" என்றேன். "வாங்கிப் பத்திரமா வச்சுக்கங்க. நான் வந்து கட்டிக்கிறேன்."

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அவர் முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நல்ல வெயில். எதிரில் போய் நின்றதும், ரொம்ப மரியாதையாக, இது உங்களது இல்லை, கொடுத்துவிடுங்கள், வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்றார். நான் சங்கிலியைத் தலைவழியாகக் கழற்றினேன். கொண்டையில் சிக்கியது. அவர் எழுந்து உதவி செய்ய வந்தார், அப்புறம் அடுத்தவள் என்று நினைத்துக் கையை இழுத்துக்கொண்டார். நானே பிரித்து எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

வெயிலுக்கு நேராகப் பிடித்து முன்னால் பார்த்தார். திருப்பிப் பின்னால் பார்த்தார். அந்த வேல் கீறலை நகத்தால் தடவினார். கண் நிறைந்தது.

"ஒரிஜினல்" என்றார், தனக்குத்தானே. கைக்குட்டையில் முடிந்து சட்டையின் உள்பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு கையை நீட்டினார். மாத்திரையை வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். மடமடவென்று குடித்தார். தொண்டைக்குள் மாத்திரை இறங்கும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வல்லி வர்ற வரைக்கும் நீங்க இங்கயே இருக்கலாம்" என்றார்.

நான் தலையாட்டிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனேன். இடுப்பில் சொருகியிருந்த போன் அதிர்ந்தது. கொல்லைக் கதவைத் திறந்து கொட்டகை வரைக்கும் ஓடினேன். கழுத்தில் எதுவும் ஆடவில்லை. ஓடும்போது அது எனக்குப் புதிதாக இருந்தது.

"வாங்கிட்டேன் வல்லி" என்றார். குரலில் அப்படி ஒரு நிம்மதி. "மறுபேச்சுப் பேசாமக் கழட்டிக் குடுத்துட்டா. கொஞ்சம் அழுதா. எனக்கே பாவமாப் போச்சு. அவளுக்கும் எங்கயாச்சும் ஒரு புருஷன் இருப்பான்ல?"

"இருப்பாரு" என்றேன். "மாத்திரை போட்டீகளா?"

"போட்டேன். நீ எப்ப வருவ?"